95 ஷிஃப்ட்... 4 ராத்திரி!

மாலத்தீவுன்னா சினிமா ஸ்டாருங்க மட்டும்தான் போகணுமா என்ன? சோமனூர்க்காரனும் போகலாம் பாஸ்! ஆனா எங்கே தங்குறோம்ங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு.

மாலத்தீவுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கண்ணாடி மாதிரி நீலத் தண்ணி, அதுக்கு மேல மரக்கால் போட்டு நிக்கிற ஓலை வீடு, அதோட வாசல்ல காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு ஒரு ஹீரோயின். கரெக்ட்டா? அந்த ஓலை வீட்டுல ஒரு ராத்திரி தங்க நூத்துக்கணக்குல இருந்து ஆயிரக்கணக்கு வரைக்கும் டாலர் கேப்பாங்க. அந்தக் காசுக்கு எங்க ஊர்ப் பக்கம் செகண்ட் ஹேண்டுல ஒரு பைக்கே வாங்கிடலாம்.

எங்க ஊரு சோமனூர். கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவுல, ராத்திரி பகல்னு பாக்காம தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கற ஊரு. எங்க வீட்டுலயும் எட்டு விசைத்தறி ஓடுது. நான் படிக்கிறது இன்ஜினீயரிங், ட்ரிபிள் ஈ. நானும், கூடப் படிக்கிற பல்லடத்துக்காரனும் அவினாசிக்காரனும் சேர்ந்து 2025 ஜூலையில மாலத்தீவுக்குப் போய் நாலு ராத்திரி தங்கிட்டு வந்தோம். 'ஏதுடா காசு?'ன்னுதான் கிளாஸ்ல எல்லாரும் முதல்ல கேட்டாங்க. அதனால கணக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஷிஃப்ட் கணக்கு!

திருப்பூர்ப் பக்கம் எதையும் ரூபாயில யோசிக்க மாட்டோம், ஷிஃப்ட்லதான் யோசிப்போம். ரெண்டு செமஸ்டர் லீவு, அப்புறம் அவசர ஆர்டர் ஓடுன ஞாயித்துக்கிழமைன்னு மூணு பேரும் ஒரு பனியன் கம்பெனியில செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போனோம். ஒரு ஷிஃப்டுக்கு 450 ரூபாய். பயணத்துக்கு ஒருத்தருக்கு ஆன செலவைப் பாருங்க:

பாஸ்போர்ட் 1,500 ரூபாய். சோமனூர்ல இருந்து கொச்சி போய் வர 800. விமான டிக்கெட், போக வர 22,000. ஸ்பீட் போட், போக வர 50 டாலர். ரூம் வாடகை மூணு பேருக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 45 டாலர், அதுல என் பங்கு நாலு ராத்திரிக்கு 60 டாலர். பச்சை வரி 24 டாலர். சாப்பாடு 45 டாலர். கடலுக்குள்ள ஒரு ட்ரிப் 30 டாலர். நாங்க மாத்தினப்போ ஒரு டாலர் 87 ரூபாய். எல்லாத்தையும் கூட்டினா கிட்டத்தட்ட 42,500 வருது. அதாவது, 95 ஷிஃப்ட்!

'பச்சை வரி'ன்னா என்னன்னு கேக்கறீங்களா? மாலத்தீவுல தங்கற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரும் தினமும் கட்டவேண்டிய சுற்றுச்சூழல் வரி அது. 2025 ஜனவரியில இருந்து அதை ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க. ரிசார்ட்டுல தங்கினா ஒரு நாளைக்கு 12 டாலர். மக்கள் குடியிருக்கிற தீவுல சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா 6 டாலர். அந்த ஆறு டாலரே எங்களுக்கு ஒரு ஷிஃப்டுக்கு மேல! டிக்கெட்டுக்குள்ளயும் ஒரு பூதம் ஒளிஞ்சிருக்கு. திரும்பி வர்றப்போ எகானமி பயணிக்கு 50 டாலர் புறப்பாட்டு வரி, இன்னொரு 50 டாலர் விமான நிலையக் கட்டணம். ரெண்டையும் டிக்கெட்லயே சேர்த்து வாங்கிடறாங்க.

இந்தக் காசு சேர்றதுக்குள்ள நடுவுல ஒரு மாசம் எங்க ஊர்ல தறியே ஓடலை. 2025 மார்ச் மூணாவது வாரம் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகளை நிறுத்தினாங்க. ஏப்ரல்ல கருமத்தம்பட்டியில உண்ணாவிரதம் வரைக்கும் போச்சு. அந்த மாசம் என் ஷிஃப்ட் காசுல 6,000 ரூபாய் வீட்டுச் செலவுக்குப் போச்சு. தறி ஓட ஆரம்பிச்சதும் அப்பா மே மாசம் எண்ணி என் கையில கொடுத்துட்டார். கொடுக்கறப்போ ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா கண்ணு, இத்தனை காசக் கொடுத்து அந்தத் தண்ணியப் பாத்துட்டு வரோணுமாக்கும்?"

அம்மா மட்டும், "உடு, போய்ட்டு வரட்டும். சூதானமா போய்ட்டு வா சாமி"ன்னாங்க.

கொச்சி வழியா மாலே

கோயமுத்தூர்ல இருந்து ரயில் ஏறி ஆலுவா. அங்கிருந்து பஸ்ல நெடும்பாசேரி விமான நிலையம். ட்ரிபிள் ஈ படிக்கிறவன் இந்த இடத்துல ஒரு நிமிஷம் நின்னு கும்பிடணும். 2015-ல முழுக்க முழுக்க சூரிய மின்சாரத்துல ஓட ஆரம்பிச்ச, உலகத்துலயே முதல் விமான நிலையம் இதுதான். அங்கிருந்து மாலேவுக்கு ஒன்றரை மணி நேரம்தான். இறங்கினதும் வாட்சை அரை மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சுக்கணும்.

விமானம் இறங்கறப்போ ஜன்னல் வழியா பாக்கணுமே! நீலப் பட்டுத் துணியில பச்சை பார்டர் போட்ட காசுகளை இறைச்சுவிட்ட மாதிரி தீவுகள். மொத்தம் 1,192 தீவுன்னு கணக்கு. அதுல மக்கள் குடியிருக்கறது இருநூறுக்குள்ளதான். ரன்வேயே ஒரு தீவு. வெளியே வந்தா டாக்ஸி ஸ்டாண்ட் இருக்கவேண்டிய இடத்துல படகுத்துறை!

நாங்க போன தீவோட பேரு மாஃபுஷி. மாலேவுல இருந்து தெற்கே ஸ்பீட் போட்ல முக்கால் மணி நேரம். ஜூலைங்கறது அங்க தென்மேற்குப் பருவமழை நேரம். ரூம் வாடகை குறைவா கிடைச்சதுக்கும் அதுதான் காரணம், அவினாசிக்காரன் வழி நெடுக பிளாஸ்டிக் கவரும் கையுமா உட்கார்ந்திருந்ததுக்கும் அதுதான் காரணம். படகு அலை மேல ஏறி 'தொம்'முனு விழும் பாருங்க... குடல் வாய் வழியா எட்டிப் பாத்துட்டுப் போகும்.

பேரைக் கேட்டா நம்ம ஊரு

அங்க பேசற மொழி திவேஹி. வலமிருந்து இடமா எழுதறாங்க. ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சா, வார்த்தைக்கு வார்த்தை ஒரு சொந்தக்காரர் எட்டிப் பாக்கறார். படகுக்கு 'தோனி'. நம்ம தோணிதான்! ஆம்பளைங்க இடுப்புல கட்டுற துணிக்கு 'முண்டு'. இளநீருக்கு 'குரும்பா'. எங்க ஊர்த் தோப்புல காத்தடிச்சா பிஞ்சு தேங்கா உதிரும், அதுக்குப் பேரு குரும்பை. கருவாட்டுக் கடையில கட்டை மாதிரி கிடக்குமே மாசி, அதுவும் இந்தத் தீவுகளுக்குப் பேர் போன சரக்குதான். தூத்துக்குடியில இருந்து தோணியில இங்க சரக்கு போறது பல காலமா நடக்கற தொழில். ராஜராஜ சோழன் ஜெயிச்சதா மெய்க்கீர்த்தி சொல்ற பழந்தீவுகள் இவைதான்னு வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்றாங்க. நாங்க ஜெயிக்கப் போகலை, மூணு பேர் ஒரே ரூம்ல தங்கத்தான் போனோம்!

காலைச் சாப்பாடு மஸ் ஹுனி. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் எல்லாம் போட்டு எலுமிச்சை பிழிஞ்சு பிசைஞ்சிருக்காங்க. தொட்டுக்க ரொஷி, அதாவது சப்பாத்தியோட தம்பி. கூடவே ஒரு ஆம்லெட். அந்த முட்டைக்கும் ஒரு கதை இருக்கு. 1981-ல போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, பருப்புல இருந்து ஆத்து மணல், ஜல்லி வரைக்கும் இந்தியாவுல இருந்து அங்க போகுது. மீனும் தேங்காயும் தவிர பெரும்பாலானது கப்பல்ல வந்தாகணும். சாப்பாடு விலை ஏன் அப்படி இருக்குன்னு புரியுதா?

ஒரு தீவு, ஒரு ரிசார்ட்

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். எங்களை மாதிரி ஆளுங்க மாலத்தீவுல கால் வைக்க முடிஞ்சது எப்படி?

அங்க முதல் ரிசார்ட் 1972-ல வந்துச்சு. பேரு குரும்பா! அப்போ மொத்தமே 30 ரூம். அதுக்கப்புறம் வளர்ந்ததெல்லாம் 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்'ங்கற கணக்குலதான். ஆள் இல்லாத தீவை ஒரு கம்பெனி அரசாங்கத்துக்கிட்ட குத்தகைக்கு எடுக்கும். சாப்பாடு, தண்ணி, கரண்ட், படகு எல்லாமே அந்தக் கம்பெனியோடது. வர்றவங்க விமான நிலையத்துல இறங்கி, நேரா ரிசார்ட் தீவுக்குப் போய், அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. மாலத்தீவுக்காரங்க குடியிருக்கிற தீவுல வெளிநாட்டுக்காரங்க தங்கறதை 1980-கள்லயே நிறுத்திட்டாங்க. உள்ளூர் மக்களோட மதமும் பழக்கவழக்கமும் கெட்டுடக்கூடாதுன்னு காரணம் சொன்னாங்க. டூரிஸ்ட் காசு ரிசார்ட் தீவுல சுத்தும். பக்கத்துத் தீவு மீனவர் அதைத் தூரத்து லைட் வெளிச்சமா பாத்துக்கிட்டு இருப்பார்.

2008-ல அந்த நாட்டுல முதல் முறையா பல கட்சிகள் மோதின அதிபர் தேர்தல் நடந்துச்சு. 30 வருஷம் ஆண்ட கயூமைத் தோக்கடிச்சு முகமது நஷீத் ஜெயிச்சார். 2009-ல விதிகள் மாறிச்சு. ஊர்க்காரங்க தங்களோட சொந்தத் தீவுல கெஸ்ட் ஹவுஸ் நடத்தலாம்னு ஆச்சு. மாஃபுஷியில முதல் கெஸ்ட் ஹவுஸ் 2010-ல திறந்தாங்க. இன்னிக்கு நாடு முழுக்க எண்ணூறுக்கும் மேல கெஸ்ட் ஹவுஸ், 170-க்கும் மேல ரிசார்ட். 2024-ல அந்த நாட்டுக்குப் போன டூரிஸ்ட் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

இதுல ஒரு விசித்திரம் என்ன தெரியுமா? மாஃபுஷி தீவோட ஒரு ஓரத்துல பெரிய ஜெயில் ஒண்ணு இருக்கு. பீச்சுக்கு நடந்துபோற தூரத்துலயே உசரமான மதில் சுவரு. 2015-ல நஷீத்துக்கு 13 வருஷம் தண்டனை கொடுத்து அடைச்சது இதே மாஃபுஷி ஜெயில்லதான். அந்தத் தண்டனையை 2018-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. யாரோட ஆட்சியில இந்தத் தீவுக்கு டூரிஸ்ட் வர வழி பிறந்துச்சோ, அவரும் இங்க வந்து தங்கினார். ஆனா டூரிஸ்டா இல்லை!

சுவரைப் பாத்த ஜன்னல்

எங்க ரூமுக்கு வருவோம். கடலைப் பாத்த ஜன்னல்னு கனவு கண்டுடாதீங்க. பக்கத்து வீட்டுச் சுவரைப் பாத்த ஜன்னல். அந்த வீட்டம்மா மீன் பொரிச்சா வாசனை எங்களுக்கு ஃப்ரீ. ஒரு டபுள் கட்டில், ஒரு எக்ஸ்ட்ரா மெத்தை, ஏசி, சுத்தமான பாத்ரூம், நாற்பத்தஞ்சு டாலருக்குள்ளயே காலைச் சாப்பாடு. பீச்சுக்கு மூணு நிமிஷ நடை. தீவே ஒண்ணேகால் கிலோ மீட்டர் நீளம்தான். அகலம் அதுல கால்வாசி கூட இருக்காது. கிழக்கால சூரியன் உதிக்கறதைப் பாத்துட்டு நடந்தா, ஒரு டீ ஆறறதுக்குள்ள மேற்கு கரைக்கு வந்துடலாம்.

மாஃபுஷி அமைதியான குக்கிராமம்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க. பதினஞ்சு வருஷத்துல மாடி மேல மாடியா கட்டி, தெருவுக்குத் தெரு போர்டு மாட்டி, ஒரு குட்டித் திருப்பூர் ஆக்கி வெச்சிருக்காங்க. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா ஊர் முகம் மாறுது. பசங்க கால்பந்து ஆடறாங்க. பொம்பளைங்க வாசல்ல உட்கார்ந்து கதை பேசறாங்க. கரையோரம் 'ஜோலி'ன்னு இரும்புச் சட்டத்துல கயித்து வலை பின்னி நாற்காலி போட்டிருக்காங்க. அதுல சாஞ்சா எழுந்திருக்கவே மனசு வராது. நான் அந்த வலையோட முடிச்சை உத்துப் பாத்துக்கிட்டு இருந்ததைப் பாத்து பல்லடத்துக்காரன், "மச்சி, இங்க வந்துமா பாவு ஓட்டறே?"ன்னு கலாய்ச்சான்.

ராத்திரி தூரத்துல 'டுர்ர்ர்'னு விடாம ஒரு சத்தம். எனக்குச் சட்டுனு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு. தறி இல்லை, டீசல் ஜெனரேட்டர்! அங்க பெரும்பாலான தீவுகளுக்குக் கரண்ட் டீசல்லதான். குடிக்கிற தண்ணியும் கடல் தண்ணியை உப்பு நீக்கி எடுக்கறது. 2014 டிசம்பர்ல மாலேவுல அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துல தீப்பிடிச்சப்போ, தலைநகரமே தண்ணி இல்லாம தவிச்சுது. இந்தியா விமானத்துல தண்ணி அனுப்பிச்சு. அந்த ராத்திரிக்கு அப்புறம் நாங்க மூணு பேரும் ஷவருக்குக் கீழ பாட்டுப் பாடறதை நிறுத்திட்டோம்.

கூலியா? சொந்தமா?

கெஸ்ட் ஹவுஸ் ஓனருக்கு நாற்பது வயசு இருக்கும். 'பாய்'னுதான் கூப்பிட்டோம். ஹிந்திப் படம் பாத்துப் பாத்து ஹிந்தி பேசறார். நமக்குத்தான் ஹிந்தி தகராறு, அதனால பாதி இங்கிலீஷ். அவங்க அம்மா வீட்டு மேல மாடி கட்டி, மொத்தம் எட்டு ரூம். அதுக்கு முன்னாடி 12 வருஷம் ஒரு ரிசார்ட்டுல சர்வரா இருந்திருக்கார்.

"அங்க நான் பரிமாறின ஒரு டேபிளோட பில்லு, என் ஒரு மாசச் சம்பளம். வருஷத்துல ஒரு மாசம்தான் வீடு. என் பெரிய பையன் நடக்க ஆரம்பிச்சதை போன்லதான் பாத்தேன். இப்ப சின்னவளை தினமும் நானே ஸ்கூல்ல விடறேன்"னார்.

எனக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எங்க ஊர்க் கதையும் இதுதான். சோமனூர்ல தறி வெச்சிருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க கூலிக்கு நெய்யறவங்க. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுப்பார். நாங்க காடா துணியா ஓட்டிக் கொடுத்தா மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. தறி எங்களோடது, கரண்ட் பில் எங்களோடது, உழைப்பு எங்களோடது. துணி மட்டும் எங்களோடது இல்லை! அந்த மீட்டர் கூலியை ஏத்தச் சொல்லித்தான் 2022-லயும் தறி நின்னுச்சு, 2025-லயும் நின்னுச்சு. கடைசியில சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மத்த ரகத்துக்கு 10 சதவீதம்னு உயர்த்திக் கொடுக்க ஒப்புக்கிட்டாங்க. சொந்தமா நூல் வாங்கி, சொந்தமா துணி விக்கணும்ங்கறது தறிக்காரங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கற கனவு. பாய் தன் ஊர்ல அதைச் செஞ்சுட்டார்.

இதை நான் பாய்கிட்ட சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ஒரு பேப்பரை எடுத்துக் கணக்கு போட்டார். புக்கிங் வெப்சைட்டுக்கு நூத்துக்குப் பதினஞ்சு கமிஷன். டூரிஸ்ட் வரி 17 சதவீதம். மழைக்காலத்துல பாதி ரூம் காலி. மாடி கட்டின கடன் இன்னும் பாக்கி. பக்கத்துல அம்பது அறுபது ரூம் வெச்ச பெரிய ஹோட்டல்கள் ஆஃபர் போட்டு ஆளை இழுக்குது. "மாலேவுல இருந்து ஒருத்தர் வந்து பத்து வருஷ லீஸுக்குக் கேக்கறார். மாசம் பொறந்தா வாடகை. பேசாம கொடுத்துட்டு மறுபடியும் ரிசார்ட் வேலைக்கே போயிடலாமான்னு இருக்கு"ன்னார். அன்னிக்கு எங்க தவிர ரெண்டு ரூம்லதான் ஆள் இருந்தாங்க.

ரூமைக் கூட்டிப் பெருக்கி, சமையலும் பாத்துக்கிட்டது ஒரு பங்களாதேஷ் பையன். எங்களை விட ரெண்டு மூணு வயசுதான் பெரியவன். நாங்க திருப்பூர்ப் பக்கம்னு சொன்னதும் அவன் முகத்துல பல்பு எரிஞ்சுது. காஜிபூர்ல டி-ஷர்ட் கம்பெனியில ஓவர்லாக் மெஷின் ஓட்டினவனாம்! என் டி-ஷர்ட்டோட கீழ் மடிப்பைத் திருப்பிப் பாத்து, "தையல் பரவாயில்லை"ன்னு சர்டிஃபிகேட் கொடுத்தான். கடலுக்கு நடுவுல தீவு, ஆனா வந்து ஆறு மாசமா அவன் கடல்ல இறங்கலை. காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா, ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவற வரைக்கும் வேலை. கூலியில இருந்து பாய் தப்பிச்சார், அந்த இடத்துக்கு இவன் வந்திருக்கான். எங்க ஊர் மில்லுல பீகார், ஒடிசா பசங்க நிக்கிற மாதிரி. நாற்பத்தஞ்சு டாலருக்கு ரூம் எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேக்கறவங்களுக்கு, பதில்ல ஒரு பாதி இவன்தான்.

கடலுக்கு வரி இல்லை

மூணாவது நாள் மழை விட்டுச்சு. 30 டாலர் ட்ரிப். படகுல கூட்டிட்டுப் போய், மூஞ்சிக்குக் கண்ணாடியும் வாய்க்குக் குழாயும் மாட்டி, நடுக்கடல்ல இறக்கிவிட்டாங்க. முதல் அஞ்சு நிமிஷம் உப்புத் தண்ணி குடிச்சோம். அப்புறம் தலையைத் தண்ணிக்குள்ள விட்டேன் பாருங்க... சாமி! மஞ்சள், நீலம், கறுப்புக் கோடுன்னு மீன் கூட்டம் நம்மளைக் கண்டுக்கவே இல்லாம போகுது. ஒரு ஆமை நிதானமா, ரிட்டயர்டு ஹெட் மாஸ்டர் வாக்கிங் போற மாதிரி போச்சு. ஆயிரம் டாலர் கொடுத்து ஓலை வீட்டுல தங்கினவருக்கும் இதே மீன், இதே ஆமைதான்.

ஆனா கீழே பவளப்பாறை நிறைய இடத்துல சாம்பல் கலர்ல செத்துக் கிடக்கு. கடல் சூடாகி 1998-லயும் 2016-லயும் பவளப்பாறைகள் பெரிய அளவுல வெளுத்துப் போச்சாம். நாட்டோட சராசரி உயரமே கடல் மட்டத்துக்கு மேல ஒன்றரை மீட்டர்தான். நம்ம கழுத்து உசரம்! இதை உலகத்துக்குச் சொல்லத்தான் 2009 அக்டோபர்ல நஷீத் தன் மந்திரிங்களோட கடலுக்கு அடியில உட்கார்ந்து அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். பச்சை வரி கட்டறப்போ இருந்த வயித்தெரிச்சல், அந்தச் சாம்பல் பாறையைப் பாத்ததும் கொஞ்சம் குறைஞ்சுது.

ராத்திரி கரையில உட்கார்ந்தா தூரத்துல ரிசார்ட் லைட்டுங்க மாலை கோத்த மாதிரி மின்னும். ஒரு நாள் மட்டும் உள்ளே விட்டுச் சாப்பாடும் போடற பாஸ் இருக்கு. விலை நூறு டாலரைத் தாண்டுது. ஷிஃப்ட்ல வகுத்துப் பாத்தோம். கிட்டத்தட்ட இருபது. 'லைட்டே நல்லா இருக்குடா'ன்னு மூணு பேரும் ஏகமனதா முடிவு பண்ணிட்டோம்.

நீங்க போறதா இருந்தா...

* இந்தியர்களுக்கு விசா இலவசம், போய் இறங்கினதும் கிடைக்கும். ரிட்டர்ன் டிக்கெட்டும் ரூம் புக்கிங்கும் கையில இருக்கணும். புறப்படறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ள 'இமுகா' தளத்துல படிவம் நிரப்பிடுங்க. அதுக்கும் காசு இல்லை.

* மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் எதையும் கொண்டுபோகக்கூடாது. திரும்பி வர்றப்போ பவளத்தைப் பையில போட்டுக்கிட்டு வராதீங்க, மாட்டிக்குவீங்க.

* ஊர்க்காரங்க வாழற தீவுல மது கிடையாது. நீச்சல் உடைக்குன்னு தனி பீச் ஒதுக்கியிருக்காங்க. அதைத் தாண்டினா தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். பசங்களுக்கு ஸ்பெஷலா ஒண்ணு: அந்தப் பீச்சுல கேமராவைப் பைக்குள்ள வைங்க.

* வெள்ளிக்கிழமை அங்க விடுமுறை. தொழுகை நேரத்துல கடை மூடிடுவாங்க. அரசுப் படகு ஸ்பீட் போட்டை விட ரொம்ப மலிவு, ஆனா நேரமும் கிழமையும் முன்னாடியே கேட்டுக்குங்க.

* ரூம் வாடகைன்னு வெப்சைட்டுல காட்டற தொகையோட வரி, சர்வீஸ் சார்ஜ், பச்சை வரி சேர்ந்திருக்கான்னு பாருங்க. எங்களுக்கு வரியெல்லாம் சேர்த்துத்தான் 45, பச்சை வரி மட்டும் தனி.

* மாஃபுஷி கூட்டமா இருக்குன்னு தோணினா குல்ஹி, திஃபுஷி, தர்பூசணி விளையற தொட்டூன்னு வேற தீவுகளும் இருக்கு.

அப்பாவோட சந்தேகம்

2023-ல மாலத்தீவுக்கு அதிகமா போனது இந்தியர்கள்தான், ரெண்டு லட்சத்துக்கும் மேல. 2024 ஜனவரியில அந்த நாட்டு துணை மந்திரிகள் மூணு பேர் நம்ம பிரதமரைப் பத்தி எழுதினது பெரிய சண்டையாகி, அந்த வருஷம் எண்ணிக்கை 1.3 லட்சமா சரிஞ்சுது. ரிசார்ட்டுக்கு ரஷ்யா, சீனா, ஐரோப்பான்னு வேற ஆள் வந்துடும். எட்டு ரூம் வெச்சிருக்கற பாய்க்குத்தான் வாட்ஸ்அப்ல கேன்சல், கேன்சல்னு வந்துச்சாம். மந்திரி போட்ட பதிவுக்கு அவர் கட்டின அபராதம் அது.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். குறைஞ்ச வாடகைன்னு ரூம் தேடறப்போ, வாடகையோட சேர்த்து அது யாரோட வீடுன்னும் பாருங்க. பச்சை வரியே துப்பு கொடுத்துடும்: ஊர்க்காரங்க தீவுல 12 டாலர் கேட்டா அது பெரிய ஹோட்டல், 6 கேட்டா சின்ன இடம். அஞ்சு டாலர் வித்தியாசத்துக்காக ஓடாம, வீட்டு மேல மாடி கட்டினவர்கிட்ட தங்குங்க. ரூமைப் பெருக்கற பையனுக்குக் கிளம்பறப்போ கையில கொஞ்சம் கொடுங்க.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லி முடிச்சப்போ அப்பா மீனைப் பத்தியும் கேக்கலை, ஆமையைப் பத்தியும் கேக்கலை. விசைத்தறிக்கு இங்க ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட் இலவச மின்சாரம் உண்டு. அந்த நினைப்புலயே, "ஏங்கண்ணு, அந்த பாய்க்கு கரண்டுக்கு ஏதாச்சும் சலுகை உண்டாமா?"ன்னார். வாட்ஸ்அப்ல கேட்டேன். 'இல்லை. எல்லாம் டீசல்னு அப்பாகிட்ட சொல்லு'ன்னு பதில் வந்துச்சு. லீஸுக்குக் கொடுத்துட்டீங்களான்னும் கேட்டிருந்தேன். 'டிசம்பர் சீசன் வரைக்கும் பாக்கலாம்'னு சொல்லியிருக்கார்.

படிச்சுட்டு அப்பா தறியை ஓட்டப் போயிட்டார்.